வயற்சேற்றுக் காய்ச்சலை இனங்காணல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மாரிமழையோடு வரும் காய்ச்சல்களில் இனங்காண மிகக் கடினமானது மெலியோய்டோசிஸ். பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற பக்டீரியா இதற்குக் காரணம். அது வாழும் இடம் ஈரமண்ணும் தேங்கிய நீருமே. பாதவெடிப்பு, மண்வெட்டி பட்ட காயம் வழியாக அது உடலுக்குள் நுழையும். பலத்த காற்றுமழையில் மூச்சோடும், குளோரின் இடாத தண்ணீரோடும் போகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக அரிது. கிருமி புகுந்து பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கிவிடும். சிலரிலோ அது பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, உடல் தளரும்போது எழும்பும்.

இந்த நோயை முதலில் விவரித்தவர்கள் ரங்கூன் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய அல்பிரட் விற்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும். 1911இல் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளைக் கண்டார்கள். குதிரைகளிடமிருந்து தொற்றும் கிளாண்டர்ஸ் நோய் போலவே அது தோன்றியது. ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி அசையாது. இவர்கள் வளர்த்த கிருமி நீந்தியது. அந்த ஒரு வேறுபாட்டை அலட்சியம் செய்யாததால்தான் புதிய நோயொன்று வெளிப்பட்டது. இலங்கையில் முதல் நோயாளர் 1927இல் பதிவானார். அதன்பின் 2005 வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே செய்தி வந்தது. 2006 முதல் ஆய்வுகூடங்களில் திட்டமிட்டுத் தேடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 2017க்குள் 250 பேரில் நோய் உறுதிப்பட்டது. கிழக்கு மாகாணம் அதிக நோயாளர்களைக் கொண்ட மாகாணங்களில் ஒன்று. நோய் புதிதாக வந்திறங்கவில்லை. தேடியதால் தென்பட்டது என்பதே சரியான விளக்கம்.

இனங்காண்பது ஏன் இவ்வளவு கடினம்? இந்நோய்க்கென்று தனியான அடையாளம் கிடையாது. படுவான்கரையில் பெரும்போக வயல் செய்யும், சீனி வருத்தமுள்ள ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரக் காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், வலப்பக்க வயிற்றில் நோ. மழைக்காலம் என்பதால் முதலில் டெங்கு நினைவுக்கு வரும். வயலில் நின்றவர் என்பதால் எலிக்காய்ச்சல் வரும். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் விழுந்தால் காசநோய் என்று எண்ணத் தோன்றும். சிலரில் மூட்டு வீங்கும், சிலரில் தோலில் புண் வரும், ஆண்களில் புரஸ்டேட் சுரப்பியில் சீழ் கட்டி மூத்திரம் தடைப்படலாம், பிள்ளைகளில் கன்னத்தருகே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும். எந்த நோயின் வேஷத்தையும் இது போடும்.

பரிசோதனை முடிவுகளைத் தனித்தனியே பார்த்தால் குழப்பமே மிஞ்சும். சேர்த்து வாசிக்கவேண்டும். டெங்குவில் வெள்ளணுக்கள் வழமையாகக் குறையும், குருதிச் சிறுதட்டுகள் இறங்கும். இங்கு வெள்ளணுக்கள், குறிப்பாக நியூட்ரோபில்கள், பெரும்பாலும் ஏறியிருக்கும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு மிக உயர்ந்திருக்கும். எலிக்காய்ச்சலில் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படும், ஆனால் சீழ்க்கட்டி வராது. ஆகவே ஸ்கானில் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறுசிறு கட்டிகள் பல தெரிந்தால் அது பெரிய துப்பு. சளியில் காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை, மருந்து கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை என்றால் அதுவும் துப்புத்தான். இவற்றுடன் இரத்தத்தில் கட்டுப்படாத சீனியும் சேர்ந்தால் மெலியோய்டோசிஸ் பட்டியலின் மேலே வரவேண்டும். இந்நோயாளர்களில் பெரும்பங்கினர் நீரிழிவு உள்ளவர்கள். சிறுநீரக நோய், தலசீமியா, மிதமிஞ்சிய குடி ஆகியனவும் ஆபத்தைக் கூட்டும்.

தீர்ப்பு ஆய்வுகூடத்தில்தான் கிடைக்கும். அன்டிபயோட்டிக் ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்க்கவேண்டும். சிறுநீர், சளி, சீழ், தொண்டைப் பூச்சு எல்லாவற்றையும் அனுப்புவது நல்லது, ஏனெனில் நோய் உள்ளவர்களிலும் ஏறக்குறைய 60 வீதத்தினரில் மட்டுமே இவ்வளர்ப்புப் பரிசோதனை கிருமியைப் பிடிக்கிறது. நுணுக்குக்காட்டியின் கீழ், இரு முனைகளும் அடர்ந்தும் நடுப்பகுதி வெளிறியும் உள்ள இளஞ்சிவப்புக் கோல்களாகக் கிருமி தெரியும். தட்டில் அது மெதுவாக வளரும். முதல் நாளில் சாதாரணமாகத் தெரியும் கூட்டங்கள் மூன்று, நான்கு நாளில் உலர்ந்து சுருக்கம் விழும். அஷ்டவுண் அகார் என்ற தனி ஊடகத்தில் அவை ஊதா நிறம் பெறும். இங்கேதான் தவறு நேரக்கூடும்: வேறொரு சூடோமோனஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ தட்டு ஒதுக்கப்பட்டுவிடும். அனுபவமுள்ளவர் கவனிப்பது மருந்துகளுக்கு அது காட்டும் எதிர்வினையை. ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாமல், கோ-அமொக்ஸிகிளாவுக்கு மடங்கினால் சந்தேகம் வலுக்கிறது. பி.சி.ஆர். பரிசோதனை அதை உறுதிசெய்யும். இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை துணைக்கு உதவும், ஆனால் ஆண்டுக்கணக்கில் சேற்றில் உழைத்தவரின் உடலில் நோயில்லாமலே எதிர்ப்பொருள் இருக்கக்கூடும். அதனால் அதை மட்டும் நம்பி முடிவுகட்ட முடியாது.

சரியான பெயர் தெரிவது உயிருக்குச் சமம். வழமையாக முதலில் ஏற்றப்படும் செப்ட்ரியாக்ஸோன் இக்கிருமிக்குப் போதாது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள் தேவை. ஆழக் கட்டிகள் இருந்தால் வாரங்கள் நீளும். அதன்பின் கோ-ட்ரைமொக்ஸசோல் மாத்திரை மூன்று மாதமாவது தொடரவேண்டும். இடையில் விட்டால் நோய் திரும்பி வரும். 2015ஆம் ஆண்டில் உலகெங்கும் 1,65,000 பேர் பாதிக்கப்பட்டு 89,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. மருந்து இருக்கும் ஒரு நோய்க்கு இது மிகப் பெரிய தொகை.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வயல் வேலை, வாவித் தொழில், சேற்றில் பட்ட காயம், சீனி வருத்தம் ஆகியவற்றைக் கேட்கும்வரை காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.