ஆங்கில உச்சரிப்பு: செல்பேசியே ஆசிரியர்

புது தில்லி: உத்தரப் பிரதேசம், பிகார் மாநிலங்களின் சிறு நகரங்களிலிருந்து வேலை தேடித் தலைநகருக்கு வரும் பட்டதாரிகள் பலருக்கு ஆங்கிலம் எழுத வரும், வாய் திறந்து பேசத்தான் தயக்கம். 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' என்று ஒலித்துவிடுமோ என்ற அச்சம் நேர்முகத் தேர்வு அறை வரை உடன் வருகிறது.

2000-ஆம் ஆண்டுகளில் குர்கான், நொய்டாவில் கால் சென்டர்கள் பெருகியபோது, இக்குறையைப் போக்கக் கட்டணப் பயிற்சி வகுப்புகளும் பெருகின. இன்று அப்பயிற்சியின் ஒரு பகுதி செல்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் ஒரு சொல்லைத் தேடினால், அதன் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகளைத் தனித்தனியே கேட்கலாம். 'யூகிளிஷ்' தளம், அச்சொல்லைப் பலர் பேசும் யூடியூப் காட்சிகளை அடுத்தடுத்துக் காட்டுகிறது. கூகுள் நிறுவனம் 2019 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகப்படுத்திய 'போலோ' செயலி, குழந்தைகள் உரக்க வாசிப்பதைக் கேட்டு, இடறும் இடங்களில் உதவியது. முன்னதாக அது உத்தரப் பிரதேசத்தில் சுமார் 200 கிராமங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

அழுத்தம் முக்கியம்

எனினும், தனிச் சொற்களைக் கேட்டுத் திரும்பச் சொல்வது மட்டும் போதாது. 'போட்டோகிராப்' என்பதில் முதல் அசையை அழுத்த வேண்டும். 'போட்டோகிராபி' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. ஆதலால் நமது காது இதை எளிதில் கவனிப்பதில்லை.

ஹைதராபாதின் மத்திய ஆங்கில நிறுவனம் 1969-இல் வெளியிட்ட ஆர்.கே. பன்சாலின் ஆய்வும், இந்தியரின் ஆங்கிலம் பிறருக்குப் புரியாமல் போவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லழுத்தப் பிழையைக் குறிப்பிட்டது.

அதற்காக லண்டன்வாசியைப் போலப் பேசியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியே 2023-இல், இந்திய ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு இந்திய உச்சரிப்பையும் ஒலிப்பதிவுடன் சேர்த்துக் கொண்டது.

பயிற்சி பெறுவோர், அகராதியின் குரலைக் கேட்ட பின், அச்சொல் இடம்பெறும் முழு வாக்கியத்தைத் தமது குரலில் செல்பேசியில் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒலிகள் சற்றே வேறுபட்டாலும், அழுத்தம் உரிய இடத்தில் விழுந்தால் கேட்பவருக்குப் புரியும். தேர்வு அறையில் தயக்கம் நீங்க அதுவே முதல் படி.