பருமனான பிள்ளைகளும் புதிய ஊசி மருந்தும்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

"உடற்பருமன் பணக்காரர் வியாதியாயிற்றே, அதற்கு ஏன் நம் காணிக்கை?" என்று சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு இந்நோயோடு வரும் பதின்வயதுப் பிள்ளைகளில் பலர் தலைகுனிந்தே உட்காருகிறார்கள். வீட்டிலும் பள்ளியிலும், வருத்தத்தோடு சொல்லுகிறோம், சபையிலும் "வாயைக் கட்டு" என்ற சொல்லைக் கேட்டுச் சோர்ந்தவர்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், அது யாருடைய பாவம் என்று ஆண்டவரிடம் விசாரித்தார்கள். நாமும் இப்பிள்ளைகளை அவ்விதமாகவே பார்த்துவிடுகிறோம்.

பரம்பரை, உணவு, உறக்கம், மனச்சோர்வு எல்லாம் இந்நோயில் சேர்ந்திருக்கின்றன. எடை குறையத் தொடங்கினால் சரீரமே பசியைக் கூட்டி, இழந்ததை மீட்கப் பார்க்கும். ஆகையால் புத்திமதி மாத்திரம் பலருக்குப் போதாது. கவனியாமல் விட்டால் சர்க்கரை நோயும் ஈரலில் கொழுப்பும் சிறுவயதிலேயே வரக்கூடும்.

இதற்கு உதவும் மருந்துகளில் ஒன்று செமாகுளுடைடு. வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும் ஊசி. சாப்பிட்டபின் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப்போல் செயல்பட்டு, வயிறு நிறைந்தது என்று மூளைக்கு உணர்த்துகிறது. 2022இல் வெளியான ஆய்வில் 12 முதல் 17 வயதுவரையுள்ள 201 பேர் பங்குபெற்றனர். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. 68 வாரங்களில், மருந்து பெற்றவர்களுக்கு உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மருந்தில்லா ஊசி பெற்றவர்களுக்குக் குறையவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு இவ்வயதினருக்கு அதை அனுமதித்தது.

ஆனாலும் ஆய்வு வேறு, அன்றாட சிகிச்சை வேறு. ஆய்வில் மருந்துக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. கூப்பிட்டு விசாரிக்க ஆட்கள் உண்டு. வீட்டிலோ செலவு நெருக்கும். குமட்டலும் வாந்தியும் வந்தால் பிள்ளை பயப்படும்; சிலருக்குப் பித்தப்பையில் கல்லும் வரலாம். ஊசியை நிறுத்தினால் குறைந்த எடை பெரும்பாலும் திரும்பிவிடும். எனவேதான் மருத்துவர்கள் தகுந்தவர்களைத் தெரிந்தெடுத்து, சிறிய அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டி, தொடர்ந்து கவனிக்கவேண்டியிருக்கிறது. கடையில் தாமாக வாங்கிப் போடுவது ஆபத்து.

ஊசி போட ஒரு நிமிடம் போதும். பிள்ளையோடு கூட நடப்பது வருடக்கணக்கான ஊழியம். உங்கள் காணிக்கை ஏழைப் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனைக்கும், உணவு ஆலோசனைக்கும், பஸ் செலவுக்கும் உதவுகிறது. அவர்களுக்காக ஜெபியுங்கள். உங்கள் சபையிலுள்ள அத்தகைய பிள்ளையிடம் உடம்பைப்பற்றிப் பேசாமல், பெயர் சொல்லி அழைத்துச் சுகம் விசாரியுங்கள்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
ஆஸ்பத்திரி குருவானவர்