வேண்டாத நிபந்தனை

நூலகத்தில் நுழைய நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தால் சிரிப்பீர்கள் அல்லவா? கணிப்பொறி நிரல்களிலும் இத்தகைய விதிகள் புகுந்துவிடுவதுண்டு.

ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியின் முதல் வரையறை 1990-இல் வெளிவந்தது. இம்மொழியில் ஒரு சார்பு எவ்வகைப் பொருள்களை ஏற்கும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கலாம்.

ஒரு பட்டியலில் வெவ்வேறான உறுப்புகள் எத்தனை என்று எண்ணும் சார்பை நீங்கள் எழுதுவதாகக் கொள்வோம். உறுப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஆகவே, 'சமமா எனச் சோதிக்கத் தக்கவை மட்டும்' என்று நிபந்தனை விதிக்கிறீர்கள். பின்னர், எல்லா உறுப்புகளையும் எண்ணினாலே போதும் என்று நிரலைத் திருத்துகிறீர்கள். நிபந்தனையை நீக்க மறந்துவிடுகிறீர்கள். விடை சரியாகவே வரும். பிறகு என்ன குறை?

சார்புகளையே உறுப்புகளாகக் கொண்ட பட்டியலை அதனிடம் கொடுத்துப் பாருங்கள், ஏற்காது. ஏனெனில், இரு சார்புகள் சமமா எனச் சோதிக்கப் பொதுவான வழி இல்லை. எண்ணுவதற்கோ அச்சோதனை தேவையே இல்லை!

ஜி.எச்.சி. என்னும் தொகுப்பியின் 8.0 பதிப்பு (2016) முதல், நாம் கேட்டுக்கொண்டால் இத்தகைய நிபந்தனைகளை அது சுட்டிக்காட்டும். 'வரிசைப்படுத்தத் தக்கது' என்பதிலேயே 'சமம் சோதிக்கத் தக்கது' என்பதும் அடங்கும். இரண்டையும் எழுதினால் ஒன்று மிகை என்று எச்சரிக்கும்.

ஆனால் இது பிழை அன்று, எச்சரிக்கையே. பின்னாளில் தேவைப்படும் என்று நிபந்தனையை நீங்கள் வேண்டுமென்றே வைத்திருக்கலாம். தொகுப்பி அறிவது நிரலை மட்டுமே. உங்கள் எண்ணத்தை அன்று. நீக்குவதா, வைத்திருப்பதா என்பதை நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.