கோலியாத் எங்கே நிற்கிறான்?

ஊடகக் கற்கைநெறி பயின்ற காலத்தில் எமக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. ஒரே சம்பவத்தின் மூன்று ஒளிப்படங்கள்: நடப்பதற்கு முன், நடக்கும்போது, நடந்து முடிந்த பின். செய்திக்கு எதைத் தெரிவுசெய்வீர்கள், ஏன்? இத்தாலியச் சிற்பிகளின் தாவீது சிலைகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயிற்சிதான் நினைவுக்கு வருகிறது.

விவிலியக் கதை பலருக்கும் தெரிந்ததே. ஆடு மேய்க்கும் தாவீது, கவசம் அணிந்த கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்தி, அவனது வாளாலேயே அவன் தலையைத் துண்டிக்கிறான். 15ஆம் நூற்றாண்டில் டொனட்டெல்லோ வெண்கலத்தில் வார்த்த சிலையில் அந்தத் தலை தாவீதின் காலடியில் கிடக்கிறது. அதே நூற்றாண்டில் வெரோக்கியோ வார்த்த சிலையிலும் அப்படித்தான். இரண்டிலும் போர் முடிந்துவிட்டது.

1501இல் மைக்கலாஞ்சலோ உளியை எடுத்தபோது அவருக்கு வயது 26. வேறு சிற்பிகள் தொட்டுவிட்டுக் கைவிட்ட பளிங்குப் பாறையே அவருக்குக் கிடைத்தது. 1504இல் முடிந்த அந்தச் சிலையின் உயரம் 5.17 மீற்றர். அதில் வெட்டுண்ட தலை இல்லை. கவண் இடது தோளில் கிடக்கிறது. ஒரு காலில் பாரத்தைச் சாய்த்து உடல் இளைப்பாறுவதுபோல நிற்கிறது. ஆனால், நெற்றி சுருங்கியிருக்கிறது. தொங்கும் வலது கையில் நரம்புகள் புடைத்திருக்கின்றன. போருக்கு முந்தைய கணம் இது என்றே பலரும் வாசிக்கிறார்கள். கிரேக்க, உரோமச் சிற்பங்களிலிருந்து கற்ற மறுமலர்ச்சிக் காலம், அளவும் சமநிலையும் கொண்ட உடலில் சிந்திக்கும் மனிதனைத் தேடியது. இங்கே வீரம் என்பது தீர்மானம்.

பேராலயத்துக்காகத் தொடங்கப்பட்ட இந்தச் சிலை இறுதியில் புளோரன்ஸ் நகர ஆட்சி மாளிகையின் வாசலில் நிறுத்தப்பட்டது. மெடிச்சி குடும்பத்தை 1494இல் விரட்டிய குடியரசு, பலம் மிக்க எதிரிகளுக்கு நடுவே தன்னைத் தாவீதாகக் கண்டது. சிலையை இழுத்துச் சென்ற நாட்களில் இரவில் அதன்மீது கல்லெறிந்தார்கள், காவல் போடவேண்டியிருந்தது.

ஏறத்தாழ 120 ஆண்டுகளின் பின், 1623-24இல், உரோமில் பேர்னினி அதே தாவீதைச் செதுக்கினார். அவருக்கும் வயது இருபதுகளின் நடுப்பகுதிதான். சிலையின் உயரம் சுமார் 1.7 மீற்றர், ஒரு மனிதனின் உயரம். உடல் முறுக்கேறித் திரும்பியிருக்கிறது, உதடுகள் இறுகியிருக்கின்றன, கவண் விறைத்திருக்கிறது. அடுத்த நொடி கல் பறக்கும். கழற்றிப்போட்ட கவசமும் யாழும் காலடியில் கிடக்கின்றன. வேதனையும் பரவசமும் பார்ப்பவரின் உடலிலேயே தைக்கவேண்டும் என்பது பரோக் கலையின் எண்ணம். திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிந்தைய கத்தோலிக்கத் திருச்சபையும் கலையிடம் அந்த உணர்ச்சியையே வேண்டியது. ஆனால், இந்தச் சிலை நின்றது ஊர்ச் சதுக்கத்தில் அல்ல, கர்தினால் சிப்பியோனே போர்கேசேயின் மாளிகையில்.

இந்தச் சிலைகளுக்கிடையிலான வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கோலியாத் எங்கே என்று கேளுங்கள். டொனட்டெல்லோவிடம் அவன் காலின் கீழ் கிடக்கிறான்; நாம் வெற்றியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மைக்கலாஞ்சலோவிடம் அவன் தாவீதின் பார்வையில் மட்டும் இருக்கிறான்; அந்த முகத்தைப் படித்துத்தான் எதிரியின் அளவை நாம் ஊகிக்கவேண்டும். பேர்னினியிடம் அவன் நாம் நிற்கும் பக்கத்தில் நிற்கிறான். கல் எங்களை நோக்கி வருகிறது. ஒதுங்கி நின்று இரசிக்க இடமில்லை.

இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு நான் போவதில்லை. ஆனால், கட்டுரைக்குப் படம் தேடும் ஒவ்வொரு முறையும் இவை என்னோடு வாதாடுகின்றன. வென்றவனின் காலடியில் தோற்றவனைக் காட்டும் படம் எளிதில் கிடைத்துவிடும், கைதட்டலும் வாங்கும். தயங்கி யோசிக்கும் முகத்தைக் காட்டும் படம் வாசகரிடம் பொறுமையைக் கேட்கும். கல் வரும் திசையில் வாசகரை நிறுத்தும் படமோ, அடிபடுபவன் எங்கிருந்து இதைப் பார்க்கிறான் என்பதை நினைக்கவைக்கும். முதலாவதைத் தெரிவுசெய்யும் முன் இப்போது நான் கொஞ்சம் தாமதிக்கிறேன்.