ஆற்றங்கரையில் ஒரு காவல்

ஒரு மீனைக் காப்பதற்காக மக்கள் இரவு பகலாக ஆற்றங்கரையில் காவல் இருப்பார்களா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறார்கள். வின்னிபேகோ ஏரியில் வாழும் ஸ்டர்ஜன் மீன்கள், வசந்த காலத்தில் முட்டையிடுவதற்காக உல்ஃப் ஆற்றை எதிர்த்து நீந்தி வருகின்றன. அப்போது தொண்டூழியர்கள் முறை வைத்து அவற்றைக் காவல் காக்கின்றனர்.

ஸ்டர்ஜன் மிகப் பழைமையான மீனினம். டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே இதன் மூதாதையர் நீரில் நீந்தின. இதன் உடலில் செதில்களுக்குப் பதிலாக ஐந்து வரிசை எலும்புத் தகடுகள் உள்ளன. ஏரி ஸ்டர்ஜன் இரண்டு மீட்டர் நீளம்வரை வளரக்கூடியது. பெண் மீன் நூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழலாம். ஆனால், அது முதன்முதலாக முட்டையிட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன்பின்னும் அது ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே முட்டையிடும். எனவே, ஒரு பெண் மீனை இழந்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மீன்கள் வலைகளைக் கிழித்ததால் மீனவர்கள் இவற்றைத் தொல்லையாகக் கருதிக் கொன்றனர். பின்னர், இவற்றின் முட்டைக்கும் இறைச்சிக்கும் நல்ல விலை கிடைத்ததால் அளவுக்கு மீறிப் பிடித்தனர். அணைகளும் இவை முட்டையிடச் செல்லும் வழியை அடைத்தன. பல ஏரிகளில் ஸ்டர்ஜன் அரிதாகிப் போனது. விஸ்கான்சினில் 1915இல் ஸ்டர்ஜன் பிடிப்பது தடை செய்யப்பட்டது. ஆயினும், திருட்டுத்தனமாகப் பிடிப்பது நிற்கவில்லை. முட்டையிடும் நாள்களில் இம்மீன்கள் கரையோரப் பாறைகளுக்கு அருகிலேயே கூடும். மனிதர்களைக் கண்டு அஞ்சி விலகுவதும் இல்லை. ஆகவே, அவற்றைப் பிடிப்பது மிக எளிது.

இந்நிலையில், 1977இல் உள்ளூர் மக்கள் 'நாளைக்கான ஸ்டர்ஜன்' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். இதைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளையிட்டு, ஈட்டியால் ஸ்டர்ஜன் வேட்டையாடுபவர்கள்தாம்! மீன் அழிந்தால் தங்கள் மரபும் அழியும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இன்று அந்த வேட்டைக்குக் கடுமையான வரம்பு உண்டு. பிடித்த மீனை ஒவ்வொருவரும் பதிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டியதும் வேட்டைப் பருவம் முடித்து வைக்கப்படும்.

காவல் பணியில் ஈடுபடுவோர் திருடர்களோடு மோதுவதில்லை. ஐயத்திற்குரிய எதையேனும் கண்டால், உடனே வனவிலங்குக் காவலர்களுக்குத் தெரிவிப்பார்கள். இன்னொரு பணியும் நடைபெறுகிறது. கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கற்களில் ஸ்டர்ஜனின் முட்டைகள் ஒட்டிக்கொண்டு வளர்வதை மக்கள் கவனித்தனர். அதனால், ஆற்றோரம் மேலும் பல இடங்களில் கற்களை அடுக்கி, முட்டையிடும் இடங்களை உருவாக்கினர்.

ஸ்டர்ஜனின் வருகைக்காக நீண்ட காலம் காத்திருந்தவர்களும் உண்டு. உல்ஃப் ஆற்றின் மேற்பகுதியில் மெனோமினி பூர்வகுடியினர் வாழ்கின்றனர். அவர்களுக்கு ஸ்டர்ஜன் வெறும் உணவு மட்டுமன்று. அவர்களுடைய விழாவோடும் நடனத்தோடும் இணைந்த உயிரினம். ஆற்றில் கட்டப்பட்ட அணைகளால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அவர்களுடைய கெஷீனா அருவியை எட்டவில்லை. அண்மைக் காலத்தில், அணைக்குக் கீழே மீன்களைப் பிடித்து, வாகனத்தில் ஏற்றிச் சென்று மேற்பகுதியில் விடுகின்றனர்.

இன்று வின்னிபேகோ ஏரிப் பகுதியில் வாழும் ஸ்டர்ஜன் கூட்டம், உலகின் மிகப் பெரிய ஏரி ஸ்டர்ஜன் கூட்டங்களுள் ஒன்றாகும். சட்டம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. இன்று பொரிக்கும் பெண் குஞ்சு முதன்முதலாக முட்டையிடும்போது, இன்றைய காவலர்கள் பலர் முதுமை அடைந்திருப்பார்கள். அதை அறிந்தும் அவர்கள் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள்.