பிரித்தால் கிளைக்கும் வண்ணம்

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கெட்டியான அக்ரிலிக் வண்ணத்தை ஒரு துளி விட்டு அழுத்துங்கள். வண்ணம் வட்டமாகப் பரவும். பிறகு மேல்தகட்டை நேராகத் தூக்கினால், மையத்திலிருந்து விளிம்பு வரை கிளைகள் விரிந்த ஒரு மரம் தகட்டில் பதிந்திருக்கும். தூரிகை படாமலே எப்படி வந்தது இந்த மரம்?

தகடுகள் விலகும்போது இடைவெளி கூடுகிறது. அதை நிரப்ப வண்ணம் உள்நோக்கி ஒடுங்க, சுற்றிலுமிருந்து காற்று நுழைகிறது. கெட்டியான திரவத்தை அதைவிட இளகிய ஒன்று தள்ளும்போது இரண்டுக்கும் இடையிலான எல்லை ஒழுங்காக நிற்காது. ஓரிடத்தில் காற்று மயிரிழை முந்தினாலும் போதும். அந்த முனைக்கு எதிரே தடை குறைவு என்பதால் அது இன்னும் வேகமாக முன்னேறும். பக்கத்தில் பின்தங்கியவை பின்தங்கியே போகும். அகன்றுவிட்ட முனை இரண்டாகப் பிளக்கும். இப்படி நுழையும் காற்று விரல்களுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் வண்ணமே நாம் காணும் கிளை. பிலிப் சாஃப்மன், ஜெஃப்ரி டெய்லர் என்ற இருவர் இந்த நிலையாமையை 1958-இல் கணிதமாக விளக்கினார்கள். எண்ணெய் வயல்களில் நீரைச் செலுத்திக் கச்சா எண்ணெயைத் தள்ளும்போதும் இதே சிக்கல் எழுகிறது.

முந்திய முனையே மேலும் முந்தும் என்ற விதி மின்னலிலும் உறைபனிப் படிகத்திலும் உண்டு. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் மாங்கனீசு ஆக்சைடு படிந்து பாசிச்செடி போலத் தோன்றுவதும் இப்படித்தான். ஆனால் உயிருள்ள மரமும் நம் நுரையீரலும் வேறு காரணத்தால் கிளைக்கின்றன: ஒளியையோ காற்றையோ பெறுவதற்கான பரப்பு அவற்றுக்கு வேண்டியிருக்கிறது. தோற்றம் ஒன்று, வழி வேறு.

வண்ணத்தை அழுத்திப் பிரிக்கும் இந்த உத்தியைக் கலைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு நாவலாசிரியர் ஜார்ஜ் சாண்ட் (1804–1876). வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில் ஈர வண்ணத்தைத் தாளில் அழுத்தி எடுத்து, அதில் தெரிந்த கிளைகளையும் பாறைகளையும் தூரிகையால் நிலக்காட்சிகளாக நிறைவு செய்தார். 1930-களில் ஓஸ்கார் தொமிங்கெஸ் முதலிய மிகையதார்த்த ஓவியர்கள் இதே முறையைக் கையாண்டார்கள். மாக்ஸ் எர்ன்ஸ்ட்டின் ‘மழைக்குப் பின் ஐரோப்பா’ (1940–42) ஓவியத்தில் அரித்துப்போன நிலம் உருவானதும் இவ்வாறே.

கலப்பு ஊடகக் கலைக்கு இது அருமையான அடித்தளம். கண்ணாடிக்குப் பதிலாக வழவழப்பான கெட்டித் தாளில் அச்செடுங்கள். தாளை வேகமாகப் பிரித்தால் கிளைகள் நுண்ணியவையாக, நெருக்கமாக அமையும். மெதுவாகப் பிரித்தால் அகன்ற சில கிளைகளே வரும். காய்ந்தபின் பேனா மையால் விளிம்புகளைத் தேர்ந்து அழுத்தமாக்கலாம், நூல் தைக்கலாம், கிழித்த தாளையும் உலர்ந்த இலை நரம்பையும் ஒட்டலாம். ஓர் அச்சு இன்னோர் அச்சைப் போல அமையாது. ஆனாலும் வண்ணத்தின் கெட்டி, இழுக்கும் வேகம், தாளின் வழவழப்பு ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றிப் பார்க்கும் மாணவர் ஓவியமும் இயற்பியலும் ஒரே மேசையில் கற்கிறார். பள்ளி ஓவிய வகுப்புக்கு இதைவிட மலிவான, பயனுள்ள சோதனை அரிது.