நெய்வேலிச் சுரங்கமும் வாலாஜா ஏரியும்

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வழியாகக் கிழக்கே சென்றால் நெய்வேலி. வழி நெடுகிலும் செம்மண் மேடு, முந்திரித் தோப்புகள், ஆங்காங்கே பலா மரங்கள். இந்தச் செம்மண்ணைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், சகோதரிகள் இருவருடனும் எங்கள் ஆசிரியையுடனும் கல்விச் சுற்றுலாவாக அவ்வழியே சென்றோம்.

சுரங்கம் என்றவுடன் இருட்டுக் குகையை எண்ணிக்கொள்ள வேண்டாம். நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். மேட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் புல் பூண்டு இல்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் படிப்படியாக இறங்கும் மண். அகற்றிக் கொட்டிய மணற்குன்றுகள். அவற்றின் மேல் புழுதிக் காற்று. பூகோளப் பாடத்தில் படித்த பாலைவனம் நம் மாவட்டத்திலேயே இருப்பதுபோல் தோன்றிற்று. எல்லாவற்றுக்கும் அடியில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை தெரிகிறது. அதுதான் பழுப்பு நிலக்கரி. விளிம்பு முழுவதும் வாளிகள் பொருத்திய இராட்சதச் சக்கர இயந்திரம் சுழன்று சுழன்று மண்ணை அள்ளுகிறது. தூரத்தில் அது பொம்மை போலத் தெரிகிறது. அதன் அருகில் நின்ற லாரியைக் கண்ட பிறகே அதன் அளவு விளங்கியது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய துகள்களும் வந்தனவாம். அவர் அதை அலட்சியம் செய்யாமல் அரசுக்குத் தெரிவித்தார். 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்தது. அது தன் காலம் முடிந்து 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

நிலக்கரிக்கு மேலே உள்ள மண்ணில் வெண்களிமண்ணும் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு உறவு இங்கேதான். நம் வீட்டு மின் கம்பத்துப் பீங்கானும், கொலுவில் வைக்கும் பொம்மையும் இத்தகைய களிமண்ணின் பிள்ளைகளே.

ஆனால் எங்களை மிகவும் வியக்க வைத்தது கரியும் அன்று, களிமண்ணும் அன்று, தண்ணீர். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நீர் நிறைந்த மணற்படுகை இருக்கிறது. அந்த நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டுகிறது. மாடித் தொட்டியில் நீர் நிறைந்திருக்கையில் கீழ்க்குழாயை விரலால் அடைத்துப் பாருங்கள். விரலை எப்படித் தள்ளுகிறது! மேலே கிடக்கும் மண்தான் அந்த விரல். மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையே வெடித்து வெள்ளம் புகுந்துவிடும். ஆகவே சுற்றிலும் குழாய்க் கிணறுகள் இறக்கி, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். வெட்டும் கரியைவிட இறைக்கும் நீரின் எடை பல மடங்கு அதிகம்.

“கீழ்க்குழாய் இது என்றால் மாடித் தொட்டி எங்கே சார்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

விளக்கிக்கொண்டிருந்த பொறியாளர் சிரித்துக்கொண்டே மேற்கே கையைக் காட்டினார். “நீங்கள் வந்த வழிதானம்மா!”

விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில் அந்த மணற்பாறை தரைக்கு வந்துவிடுகிறது. அங்கே பெய்யும் மழை மெல்ல மெல்ல இறங்கி, கிழக்கே சரிந்து, நிலக்கரிக்கு அடியில் போய்ச் சேர்கிறது. முந்திரித் தோப்பில் விழும் மழைதான் நெய்வேலியில் குழாய் வழியே கொட்டுகிறது!

முன்காலத்தில் இப்பகுதியில் மோட்டார் இல்லாமலே நீர் தானாகப் பொங்கி வழியும் ஊற்றுக் கிணறுகள் இருந்தன. இறைப்பு தொடங்கிய பின் நீர்மட்டம் இறங்கி அவை ஓய்ந்துவிட்டன. சுரங்கமே காரணம் என்று உழவர்கள் சொல்கிறார்கள். நெல்லுக்கும் கரும்புக்கும் போட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கும் பங்கு உண்டு என்பதையும் மறைக்க இயலாது. நிலத்தைக் கொடுத்தவர்களின் மனக்குறை இன்னும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவிப் பகுதியில் பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. மின்சாரம் வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் கதிர் முற்றும்வரை பொறுத்திருக்கலாம் என்பதே எங்களில் பலருடைய எண்ணம்.

பிற்பகல் சேத்தியாத்தோப்புப் பக்கம் உள்ள வாலாஜா ஏரிக்குச் சென்றோம். சுரங்கத்தில் இறைத்த நீர் ஓடைகள் வழியாக இங்கே வருகிறது. அதனால் மற்ற ஏரிகள் காயும் கோடையிலும் இதில் நீர் நிற்கிறது. சுற்றியுள்ள வயல்கள் பயிராகின்றன. வேடந்தாங்கலைப் போல அரசு அறிவித்த சரணாலயம் அன்று இது. பறவைகளுக்கு அறிவிப்பு எதற்கு? காலையில் கண்ட வறண்ட மண்ணுக்குப் பின் அந்தப் பச்சை கண்ணுக்கு விருந்தாக இருந்தது. கரையோரம் நத்தைகுத்தி நாரைகள் அலகால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. அவற்றின் இரண்டு அலகுகளும் நடுவில் ஒட்டாமல் இடைவெளியோடு இருக்கும். நத்தையைப் பிடிக்க ஏற்ற அமைப்பு அது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்தன. முக்குளிப்பான் ஒன்று மூழ்கினால் எங்கே எழும் என்று நாங்கள் பந்தயம் கட்டினோம். ஒவ்வொரு முறையும் ஜெயித்தவர் எங்கள் மூத்த சகோதரிதான்!

இந்த ஏரிக்குப் பின் குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி இருக்கிறது. அதற்கும் சுரங்க நீர் போகிறது. அங்கிருந்து பரவனாறு கடலூரை நோக்கிச் செல்கிறது. எங்கள் மேட்டில் பெய்த மழையில் ஒரு பங்கு அங்கே உப்பனாற்றோடு கூடிக் கடலில் கலக்கிறது.